அது டூட்டியா, டூட்டிக்கு மேலயா?

நீங்க கேட்டது ரெண்டு விஷயம். அப்பாவுக்கு 78 வயசு, ஸ்ட்ரோக் வந்து இடது கை கால் விழுந்துருச்சு, 19 நாள் பெரியாஸ்பத்திரில வச்சிருந்தீங்க, அங்க ஒரு சிஸ்டர் சொந்த அப்பாவைப் பாக்குற மாதிரி பாத்தாங்க, அது அவங்க டூட்டியா இல்ல டூட்டிக்கு மேல செஞ்சதா, அவங்களுக்கு நாங்க என்ன செய்யணும்னு ஒண்ணு. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு, இனிமே அதே மாதிரி நாங்க எப்படிப் பாத்துக்கறதுன்னு இன்னொண்ணு. ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துலதான் இருக்கு, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

நான் 31 வருஷம் கவர்மெண்ட் ஆஸ்பத்திரில வேலை பாத்தவ. அதுல பாதிக்கு மேல ஆண்கள் மெடிக்கல் வார்டுலயே போச்சு, கடைசில நர்சிங் சூப்பரின்டெண்டா இருந்து ரிட்டயர் ஆனேன். ஸ்ட்ரோக், நெஞ்சு சளி, சுகர், கிட்னின்னு வந்து படுக்குற வார்டு, வர்றவங்கள்ல நெறைய பேரு 60 தாண்டினவங்க. அதனால இதை நான் புக்குல படிச்சதை வச்சு மட்டும் சொல்லல.

முதல் கேள்விக்கு நேரா பதில் சொல்லிடறேன். அந்த சிஸ்டர் செஞ்சது எல்லாமே டூட்டிதான். திருப்பிப் படுக்க வைக்கிறது, வாயைத் துடைச்சு விடறது, முழுங்குறாரான்னு பாத்துட்டு ஊட்டறது, யூரின் எவ்வளவு போச்சுன்னு எழுதறது, எல்லாம் எங்களுக்கு முதல் வருஷத்துல சொல்லிக் குடுக்கறது. அப்புறம் ஏன் உங்களுக்கு அது டூட்டிக்கு மேலன்னு தோணுதுன்னா, அந்த வேலையை முழுசா செய்யற அளவுக்கு வார்டுல ஆள் கிடையாது. இந்தியன் நர்சிங் கவுன்சில் கணக்குப்படி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரின்னா 3 பேஷண்டுக்கு ஒரு நர்ஸ், மத்த ஆஸ்பத்திரின்னா 5 பேஷண்டுக்கு ஒரு நர்ஸ் இருக்கணும். நான் இருந்த வார்டுல 40 பெட், அது போக கீழ பாய்ல ஒரு பத்து பேரு, நைட்டுக்கு நாங்க ஒருத்தர், சில நாள் ரெண்டு பேரு. ராத்திரி 7 மணிக்கு உள்ள போனா காலைல 7 வரைக்கும். இதுல ஊசி போடறது, ட்ரிப்ஸ் மாத்தறது, புது அட்மிஷன், கேஸ் ஷீட் எழுதறது, இதுக்கு நடுவுல ஒரு பெரியவருக்கு முதுகு சிவந்திருக்கான்னு ஒருத்தி குனிஞ்சு பாக்குறான்னா அவ அந்த நேரத்தை எங்கிருந்து எடுத்தாங்கறதுதான் விஷயம். பெரும்பாலும் சாப்பாட்டு நேரத்துல இருந்து எடுத்திருப்பா.

எனக்குக் கீழ வேலை பாத்த ஒரு நர்ஸ் பொண்ணைப் பத்தி சொல்றேன், அப்பதான் உங்க அப்பாவுக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குப் புரியும். பேரு வேணாம், தெக்கத்திப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி, அது போதும். வந்த பேஷண்ட் ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டர், 80க்குப் பக்கம் வயசு. உங்க அப்பா மாதிரியே மூளைல வலது பக்கம் அடைப்பு, இடது பக்கம் விழுந்துருச்சு, பேச்சு மட்டும் கொஞ்சம் குழறலா இருந்துச்சு. கூட மகனும் வீட்டம்மாவும்.

வந்த அன்னைக்கே அந்தம்மாவுக்கும் இவளுக்கும் சண்டை. "காலைல இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல, ஒரு வாய் காப்பி குடுக்க விட மாட்டேங்கறா"ன்னு அந்தம்மா அழுதுட்டாங்க. ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு முழுங்கற தசையும் சேந்து அடிவாங்கியிருக்கும், நாம பாசத்துல ஊத்தற தண்ணி வயித்துக்குப் போகாம மூச்சுக்குழாய்க்குப் போயி மூணாம் நாள் நிமோனியாவா வந்து நிக்கும். ஸ்ட்ரோக் வந்தவங்க அந்த அடைப்பைத் தாண்டி வந்துட்டு இந்த நிமோனியால போறதை நான் எத்தனையோ பாத்திருக்கேன். அவ என்ன பண்ணான்னா, தாத்தாவை நல்லா நிமித்தி உக்கார வச்சு, தொண்டைல ரெண்டு விரலை வச்சுக்கிட்டு ஒரே ஒரு ஸ்பூன் தண்ணி குடுத்தா. முழுங்கும்போது தொண்டை மேடு மேல ஏறி இறங்கணும். லேட்டா ஏறுச்சு. அப்புறம் "ஐயா, ஊரு பேரு சொல்லுங்க"ன்னா. அவரு மேலூருன்னு சொன்ன குரல் களகளன்னு ஈரமா வந்துச்சு, வாய்ல தண்ணிய வச்சுக்கிட்டு பேசுற மாதிரி. அவ்வளவுதான், ஸ்பூனைக் கீழ வச்சுட்டா. டாக்டர்கிட்ட சொல்லி மூக்குல ட்யூப் போட்டாச்சு. அந்தம்மாவைப் பக்கத்துல கூப்பிட்டு அந்தக் களகள சத்தத்தை ஏன் கேக்கணும்னு சொல்லிக் குடுத்தா. மறுநாள்ல இருந்து அந்தம்மாவே பக்கத்துப் பெட்டுக்காரங்களுக்கு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க.

அன்னைக்கு ராத்திரியே அவரு முதுகையும் குதிகாலையும் பாத்து எழுதிட்டா. இதைப் பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும், ஏன்னா நம்ம ஊர்ல இதுலதான் நெறைய தப்பு நடக்குது. படுக்கைப்புண் அழுக்குனால வர்றது இல்ல. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவுல தோல் நசுங்கி, அந்த இடத்துக்கு ரத்தம் போகாம செத்துப் போறது. முதுகுத்தண்டு முடியற இடம், இடுப்பு எலும்பு, குதிகால், கணுக்கால், முழங்கை, பின்மண்டை, இங்கெல்லாம்தான் வரும். பவுடர் கொட்டறது, ஸ்பிரிட் தேய்க்கறதுன்னு நாங்க ட்ரெயினிங் வந்த காலத்துல ஒரு ட்ரே நெறைய வச்சிருப்போம். இங்கிலாந்துல டோரீன் நார்ட்டன்னு ஒரு நர்ஸ், ரெண்டு பேரோட சேந்து ஆஸ்பத்திரில இருந்த வயசானவங்களை வச்சு ஒரு ஆய்வு பண்ணி 1962ல வெளியிட்டாங்க. தோல்ல என்ன தடவுறோம்ங்கறதை விட எத்தனை தடவை திருப்பிப் படுக்க வைக்கிறோம்ங்கறதுதான் புண்ணைத் தடுக்குதுன்னு அதுல காட்டினாங்க. யாருக்குப் புண்ணு வரும்னு முன்கூட்டியே சொல்ற அளவுகோலும் அவங்க பேர்லயே இருக்கு. உடம்பு நிலை, மன நிலை, நடமாட்டம், புரள முடியுதா, யூரின் மோஷன் கட்டுப்பாடு, அஞ்சுக்கும் ஒண்ணுல இருந்து நாலு மார்க், மொத்தம் 20. 14ம் அதுக்குக் கீழயும்னா ஆபத்து. தாத்தாவுக்கு 10 வந்துச்சு.

நம்ம வார்டுகள்ல குதிகாலுக்குக் கீழ கிளவுஸ்ல தண்ணிய ரொப்பிக் கட்டி வைப்பாங்க, பாத்திருப்பீங்க. அவ அதைப் போட விட மாட்டா. அதுவும் ஒரு அழுத்தம்தானே. கெண்டைக்காலுக்குக் கீழ தலகாணிய நீளவாக்குல வச்சு குதிகால் மெத்தைல படாம அந்தரத்துல நிக்கிற மாதிரி வச்சா. ஒரு பேப்பரை குதிகாலுக்கும் மெத்தைக்கும் நடுவுல இழுத்துக் காட்டுவா, பேப்பர் தடையில்லாம வந்தா சரி. 40 பெட் இருக்கற வார்டுல ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை ஒருத்தியால எல்லாரையும் திருப்ப முடியாதுன்னு அவளுக்குத் தெரியும், அதனால ஒவ்வொரு பேஷண்ட் மகனுக்கும் மருமகனுக்கும் திருப்பிப் போட சொல்லிக் குடுத்தா. 10 மணி ஊசி போட வரும்போது இந்தப் பக்கம், 12க்கு அந்தப் பக்கம், 2 மணிக்கு மல்லாக்க, அப்படின்னு சுவத்துல ஒரு அட்டைய ஒட்டி வச்சு டிக் போட வைப்பா. சோம்பேறித்தனமா பேஷண்ட் கூட இருக்கறவங்களை வேலை வாங்குறான்னு அவளைச் சொன்னவங்க உண்டு. எனக்கு அது பெரிய வேலையா தெரிஞ்சுது, ஏன்னா வீட்டுக்குப் போனப்புறம் திருப்பறதுக்கு அவங்கதானே இருக்கப் போறாங்க.

ஆறாம் நாள் ராத்திரி நான் நைட் சூப்பர்விஷன். 1 மணி இருக்கும், அந்த வார்டுல சத்தம். போய்ப் பாத்தா தாத்தா பெட்ல பாதி எந்திரிச்சு உக்காந்திருக்காரு, மூக்கு ட்யூப்பைப் புடுங்கிப் போட்டாச்சு, "டிக்கெட், டிக்கெட், உள்ள போங்க, படில நிக்காதீங்க"ன்னு கத்துறாரு. வலது கையால போர்வை ஓரத்தை டிக்கெட் கிழிக்கிற மாதிரி கிழிக்கிறாரு. மகன் அழுதுகிட்டே அவரைப் புடிச்சு அமுக்குறாரு. பக்கத்துப் பெட்டுக்காரரு "பெரியவருக்கு மண்டை கழண்டுருச்சு, கையைக் கட்டிப் போடுங்க சிஸ்டர்"ங்கறாரு. கட்டறது அந்த வார்டுல புதுசும் இல்ல, காஸ் துணிய எடுத்து ரெண்டு கையையும் கம்பில கட்டிட்டுப் போயிட்டே இருப்பாங்க, நானே அந்தக் காலத்துல கட்டியிருக்கேன், இப்ப நினைச்சாலும் மனசு உறுத்துது.

அவ கட்டல. மகனைக் கைய எடுக்கச் சொன்னா. தாத்தாவுக்கு இடது பக்கம் கவனமே இருக்காது, அதனால வலது பக்கமா போயி அவரு கண்ணுக்கு நேரா குனிஞ்சு, "ஐயா, மேலூர் ஒண்ணு குடுங்க"ன்னா. அவரு உடனே போர்வையக் கிழிச்சுக் குடுத்துட்டு "சில்லறையா குடு தாயி"ன்னு கைய நீட்டினாரு. நீட்டின கைல இவ தன் கைய வச்சா. வச்ச கை அப்படியே நாடி புடிச்சுது. வாய் பேசிக்கிட்டே இருக்கு, கண்ணு செவுத்துக் கடிகாரத்துல இருக்கு. "வண்டி ஒத்தக்கடைல நிக்குதுய்யா, செத்த நேரம் உக்காருங்க"ன்னா. அவரு சாஞ்சாரு. அந்த அமைதி ஒரு நிமிஷம்தான் தாங்கும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

இந்த மாதிரி திடீர்னு குழம்பறதுக்கு டெலிரியம்னு பேரு. மெதுவா வருஷக்கணக்குல வர்ற மறதி நோய் வேற, இது வேற. நேத்து வரைக்கும் நல்லா இருந்தவரு இன்னைக்கு சாயங்காலத்துல இருந்து ஆள் மாறிட்டாருன்னா உடம்புல எங்கயோ ஒரு பிரச்சினை இருக்குன்னு அர்த்தம். யூரின்ல கிருமி, நெஞ்சுல சளி, மலச்சிக்கல், உப்பு குறைஞ்சு போறது, தண்ணி பத்தாம இருக்கறது, வலி, புதுசா குடுத்த மாத்திரை, தூக்கமே இல்லாம இருக்கறது, இதுல ஏதாவது ஒண்ணு, இல்ல ரெண்டு மூணு சேந்து. வயசானவங்களுக்குக் கிருமி இருந்தாலும் ஜுரமே வராம இருக்கலாம், குழப்பம்தான் முதல் அறிகுறியா வரும். இளவயசுக்காரங்க நோவுதுன்னு வாயால சொல்லிடுவாங்க, இவங்களுக்கு உடம்பு இப்படித்தான் சொல்லுது.

அவ போர்வைய விலக்கிப் பாத்தா கைலி நனைஞ்சிருந்துச்சு. மகன் சொன்னாரு, "யூரின் எல்லாம் நல்லாத்தான் போறாரு சிஸ்டர், அப்பப்ப நனைச்சுக்கறாரு." யூரின் ட்யூப்பை முந்தின நாள் காலைலதான் எடுத்திருந்தாங்க. இவ தொப்புளுக்குக் கீழ கைய வச்சா. என் கையையும் புடிச்சு வச்சா. இறுகி, உருண்டையா, தேங்கா மாதிரி இருந்துச்சு. போகல, உள்ள ரொம்பி வழிஞ்சுக்கிட்டு இருக்கு. ப்ராஸ்டேட்டுன்னு யூரின் பைக்குக் கீழ இருக்கற சுரப்பி பெருத்திருக்கற வயசானவங்களுக்கு ட்யூப் எடுத்த பிறகு இது நடக்கும், சொட்டு சொட்டா நனையறதைப் பாத்து எல்லாரும் போகுதுன்னு நினைச்சுக்குவோம். அந்த வலிய சொல்லத் தெரியாமதான் அவரு பஸ்ஸுக்குள்ள போயிட்டாரு. டூட்டி டாக்டருக்கு போன் போட்டு, அவரு வந்து பாத்து, ட்யூப் போட்டதும் பேக்ல 900 மில்லி இறங்குச்சு. தாத்தா முகம் அப்படியே தளர்ந்து போறதை நான் கண்ணால பாத்தேன். கால் மணி நேரத்துல தூங்கிட்டாரு.

அதோட எல்லாம் சரியாப் போச்சுன்னு சொன்னா பொய். காலைல ரத்தத்துல பாத்தா சோடியம்ங்கற உப்பும் குறைஞ்சிருந்துச்சு, அதை மெதுவா ஏத்தி, முழுசா தெளிய இன்னும் மூணு நாள் ஆச்சு. அந்த மூணு நாளும் அவரு கண்ணாடிய வீட்டுல இருந்து கொண்டுவரச் சொல்லி மாட்டி விட்டா, பகல்ல ஜன்னலைத் திறந்து வச்சா, ராத்திரி அவரு பெட்டுக்கு மேல இருக்கற லைட்டை அணைச்சா, ஒவ்வொரு தடவை போகும்போதும் "ஐயா, இது ஆஸ்பத்திரி, இன்னைக்கு வியாழக்கிழமை, உங்க மகன் பக்கத்துல இருக்காரு, டிரிப் முடிஞ்சுது, கணக்கு ஒப்படைச்சாச்சு"ன்னு சொல்லிட்டுப் போவா. "பஸ்ஸும் இல்ல ஒண்ணும் இல்ல, சும்மா கெடங்க"ன்னு ஒருநாளும் சொல்லல. குழம்பிப் போனவங்ககிட்ட வாதாடி ஜெயிக்க முடியாது, பயம்தான் ஜாஸ்தியாகும்.

அடுத்த வாரம் மூக்கு ட்யூப் எடுத்து வாய்வழியா சாப்பிட ஆரம்பிச்சாரு. அப்ப நடந்த ஒண்ணையும் சொல்லிடறேன், உங்க அப்பாவுக்கும் இடது பக்கம்தான்ங்கறதால. தட்டுல ரெண்டு இட்லிய நல்லா மசிச்சு சாம்பார்ல குழைச்சு வச்சா, பாதிய சாப்பிட்டுட்டு போதும்னுடுவாரு. அப்பாவுக்குப் பசியே இல்லைன்னு மகன் கவலைப்பட்டாரு. இவ தட்டைப் பாத்தா. வலது பக்கம் மட்டும் வழிச்சு சுத்தமா இருக்கு, நடுவுல கோடு போட்ட மாதிரி, இடது பக்கம் தொடவே இல்ல. மூளைல வலது பக்கம் அடிபட்டா சில பேருக்கு இடது பக்க உலகமே கவனத்துக்கு வராது, கண்ணு நல்லாத்தான் தெரியும், ஆனா அந்தப் பக்கம்னு ஒண்ணு இருக்கறதே மனசுல பதியாது. இவ ஒண்ணும் சொல்லாம தட்டை அரைச்சுத்து திருப்பி வச்சா. "அட, இன்னும் இருக்கு"ன்னு மீதியையும் சாப்பிட்டாரு. அந்த மகன் முகத்தைப் பாக்கணும் நீங்க. எத்தனை வேளை அரைவயித்தோட எழுப்பி விட்டோமோன்னு அவருக்கு. அப்புறம் அவரை இடது பக்கம் உக்காந்து பேசச் சொன்னா, அந்தப் பக்கமா திரும்பிப் பாக்கப் பழக்கணும்ங்கறதுக்காக.

நம்ம பாஷைல நோயாளிய கவனிக்கிறதுக்கு "பாத்துக்கறது"ன்னுதான் சொல்றோம். அவ கைய வச்சு செஞ்சதை விட பாத்ததுதான் அதிகம். தொண்டையப் பாத்தா, குதிகாலைப் பாத்தா, அடிவயித்தைப் பாத்தா, தட்டைப் பாத்தா. சிரிச்ச முகம்னு சொல்ல மாட்டேன், நிறைய பேரு அவளை சிடுமூஞ்சின்னுதான் சொல்லுவாங்க. எத்தனையோ பேரு இனிமையா பேசிட்டு முதுகைப் பாக்காமப் போறதை நான் பாத்திருக்கேன், அதனால எனக்கு அவ சிடுசிடுப்பு பெருசா தெரியல.

அவங்களுக்கு என்ன செய்யணும்னு கேட்டீங்க. பணம் குடுக்காதீங்க, அது அவங்களை சங்கடப்படுத்தும், தப்பும்கூட. ஒரு வெள்ளைத்தாள்ல, எந்த வார்டு, எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், அந்த சிஸ்டர் பேரு, அவங்க என்ன செஞ்சாங்கன்னு குறிப்பா எழுதி நர்சிங் சூப்பரின்டெண்டுக்கும் டீனுக்கும் குடுங்க. நல்லா பாத்துக்கிட்டாங்கன்னு பொதுவா எழுதாதீங்க, இன்ன ராத்திரி இன்னதைக் கண்டுபிடிச்சாங்கன்னு எழுதுங்க. புகார் எழுத ஆயிரம் பேரு வருவாங்க, இந்த மாதிரி லெட்டர் என் சர்வீஸ்ல மொத்தம் ஒரு கை விரல்ல எண்ணிடலாம். காண்ட்ராக்ட்ல இருக்கற பொண்ணா இருந்தா அந்த ஒரு தாள் அவளுக்கு ரொம்பப் பெருசு. இன்னொண்ணு, அப்பா எப்படி இருக்காருன்னு ஒருநாள் போயி சொல்லுங்க. டிஸ்சார்ஜ் ஆகிப் போனவங்க அப்புறம் என்ன ஆனாங்கன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது. பெட்டு காலியாகும், ஷீட்டு மாத்துவோம், அடுத்தவரு வந்து படுப்பாரு. தெய்வம்னு கும்பிடறதை விட, அடுத்த தடவை எங்கயாவது வார்டுக்கு ஒரு நர்ஸ்தானான்னு கேக்கற இடத்துல நீங்க இருந்தா கேளுங்க. அந்தப் பொண்ணு சாப்பிடாம பாத்துக்கறதுதான் ஏற்பாடுன்னு ஒரு ஆஸ்பத்திரி நடக்கக் கூடாது.

இப்ப வீட்டு விஷயம். வாட்டர் பெட் வாங்கியாச்சுன்னு எழுதியிருந்தீங்க, நல்லது, ஆனா அது இருந்தாலும் திருப்பித்தான் ஆகணும். முழுசா குப்புறவோ செங்குத்தாவோ வேணாம், முதுகுக்குப் பின்னால தலகாணி குடுத்து லேசா சாஞ்சாப்ல ஒரு முப்பது டிகிரி போதும், ரெண்டு மணி நேரம் ஒரு பக்கம். திருப்பும்போதெல்லாம் எலும்பு மேட்டைப் பாருங்க. சிவப்பா இருந்தா விரலால அமுக்கி எடுங்க, வெளுத்துட்டு மறுபடி சிவந்தா பரவால்ல, அமுக்கியும் வெளுக்காம அப்படியே சிவப்பா நின்னா அது ஆரம்பம், அந்தப் பக்கம் படுக்க வைக்காம டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ காட்டுங்க. கருத்த தோல்ல சிவப்பு தெரியாது, அப்ப தொட்டுப் பாருங்க, மத்த இடத்தை விட சூடாவோ கெட்டியாவோ இருக்கும். அந்த இடத்தைத் தேய்க்கவே தேய்க்காதீங்க, உள்ள நசுங்கின தோல் இன்னும் கிழியும். நடுவுல ஓட்டை இருக்கற காத்து டியூப் ரிங்கும் வேணாம், சுத்தி இருக்கற ரத்த ஓட்டத்தை அது அடைச்சுடும். நகர்த்தும்போது இழுக்காதீங்க, அடில ஒரு பெட்ஷீட்டை நாலா மடிச்சுப் போட்டு ரெண்டு பேரு தூக்கி நகர்த்துங்க. இடது கையப் புடிச்சு எழுப்பறது மட்டும் கூடவே கூடாது, தசையில பலம் இல்லாததால தோள்பட்டை மூட்டு இறங்கிடும், அப்புறம் அந்த வலி வருஷக்கணக்குல போகும்.

ஊட்டும்போது டிவிய அணைச்சுடுங்க. நிமிந்து உக்கார வச்சு, தாடைய லேசா கீழ இறக்கச் சொல்லி, சின்ன ஸ்பூன்ல, ஒரு வாய் உள்ள போனப்புறம் அடுத்த வாய். தண்ணி, காப்பி மாதிரி ஓடற பொருள்தான் புரையேறும், டிஸ்சார்ஜ் பண்ணும்போது எந்தப் பதத்துல குடுக்கச் சொன்னாங்களோ அந்தப் பதத்துலயே குடுங்க. சாப்பிட்டு முடிச்சதும் இடது கன்னத்துக்குள்ள விரலை விட்டுப் பாருங்க, சோறு அங்க தங்கியிருக்கும், அது ராத்திரி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். அரை மணி நேரம் படுக்க வைக்காதீங்க. காலைலயும் ராத்திரியும் பல்லும் நாக்கும் சுத்தம் பண்ணி விடுங்க, பல்லே இல்லைன்னாலும், ஏன்னா வாய் அழுக்குதான் நெஞ்சுல கிருமியா இறங்குது. முட்டை, பருப்பு, மீனுன்னு புரோட்டீன் வேணும், தோல் தாங்கறது அதுலதான். வயசானவங்களுக்குத் தாகமே தெரியாது, கேட்டாத்தான் குடுப்போம்னு இருந்தா காஞ்சு போயிடுவாங்க.

யூரின் ட்யூப் இருந்தா பேக் எப்பவும் இடுப்புக்குக் கீழ தொங்கணும், தரைல படக்கூடாது. இல்லைன்னா ஒருநாளைக்கு எத்தனை தடவை, எவ்வளவுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. மோஷன் போகாம மூணாவது நாள் ஆச்சுன்னா விட்டுடாதீங்க. திடீர்னு குழம்பினாலோ, வழக்கத்துக்கு மாறா தூங்கிக்கிட்டே இருந்தாலோ, வயசாயிருச்சுல்லன்னு நாமளே முடிவு பண்ணிடாம அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டுங்க. முகம் கோணறது, பேச்சு குழறறது மறுபடி வந்தா ஒரு நிமிஷம்கூட யோசிக்காதீங்க, 108தான்.

பிசியோதெரபிக்கு தினம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக முடியலைன்னு எழுதியிருந்தீங்க. மக்களைத் தேடி மருத்துவம்னு தமிழ்நாடு அரசு திட்டம் ஒண்ணு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சாங்க, அதுல பிரஷர் சுகர் மாத்திரை மட்டும் இல்ல, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்கறதும், படுத்த படுக்கையா இருக்கறவங்களைப் பாக்கறதும் உண்டு. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல போயி பேரு குடுங்க. சென்னைப் பக்கம் இருக்கறவங்களுக்கு இன்னும் வசதி, வயசானவங்களுக்குன்னு தனிப்பிரிவை இந்தியாவிலேயே முதல்ல சென்னை ஜி.ஹெச்.லதான் 1978ல ஆரம்பிச்சாங்க, இப்ப கிண்டில முதியோருக்குன்னே ஒரு ஆஸ்பத்திரி 2024ல திறந்திருக்காங்க. மத்த மாவட்டங்களுக்கும் இந்த அளவுக்கு வரணும், இன்னும் வரல.

நீங்களும் தூங்குங்க. வீட்டுல ரெண்டு பேரு இருந்தா ராத்திரிய ரெண்டாப் பிரிச்சுக்குங்க, உங்க வீட்டுக்காரம்மா ஒருத்தங்க மேலயே எல்லாத்தையும் போட்டுடாதீங்க. நாங்களே ஷிப்ட் மாறித்தான் செஞ்சோம்.

அந்தக் கண்டக்டர் தாத்தா 24 நாள் கழிச்சு வீட்டுக்குப் போனாரு. ட்யூப் எல்லாம் எடுத்தாச்சு, புடிச்சா நாலு எட்டு நடப்பாரு, அவ்வளவுதான். போகும்போது மகன்கிட்ட அந்த அட்டையையும் சேத்துக் குடுத்து விட்டா. ஏழெட்டு மாசம் கழிச்சு ஒருநாள் மதியம் அந்த மகன் மொட்டைத் தலையோட வார்டு வாசல்ல வந்து நின்னாரு. இவ டூட்டில இருந்தா, நானும் ரவுண்ட்ஸ்ல அங்க இருந்தேன். "அப்பா போன மாசம் தவறிட்டாரு சிஸ்டர், தூக்கத்துலயே"ன்னாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னாரு, "கடைசியா குளிப்பாட்டும்போது நான்தான் முதுகுக்குத் தண்ணி ஊத்தினேன். ஒரு புண்ணு இல்ல சிஸ்டர். முதுகு பூரா சுத்தமா இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

இவ கைல ஊசி ட்ரே இருந்துச்சு. அதைக் கீழ வைக்கவே இல்ல. "குதிகால்?"னு மட்டும் கேட்டா.

"அதுவும்தான் சிஸ்டர்"னாரு.